பூனை வளர்ப்பும் தடுப்பூசிக் கடமையும்

வீட்டில் பூனை வளர்ப்பவர் அதற்குச் சோறு போட்டால் போதுமா, நோய் வராமல் காப்பதும் அவர் கடமையா என்பது அறவியல் சார்ந்த கேள்வி.

பூனையை அடைத்து வைத்து, தானும் உணவு தராமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனை பெற்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. தற்காத்துக்கொள்ளும் வழியைப் பறித்தவர் காக்கும் பொறுப்பையும் ஏற்கிறார் என்பது இதிலிருந்து பெறத்தக்க நெறி. இம்மானுவேல் கான்ட், விலங்குகள்மீது மனிதருக்கு நேரடிக் கடமை இல்லை என்றார். ஆயினும் அவற்றிடம் காட்டும் கொடுமை சக மனிதர்மீதான இரக்கத்தையும் மழுங்கடிக்கும் என்பது அவர் வாதம். வெறிநோய் பூனைக்கடியாலும் மனிதருக்குப் பரவுவதால், அந்தத் தடுப்பூசியைப் பொறுத்தவரை இரு பார்வைகளும் ஒரே முடிவுக்கு வருகின்றன.

எனினும் இயலாததைக் கடமையாக்க முடியாது. குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசியை, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டும். வெறிநோய் ஊசி தனி. தனியார் மருத்துவமனையில் இந்தச் செலவு ஏழைக் குடும்பத்துக்குச் சுமை. எனவே கடமையில் ஒரு பங்கு சமூகத்தைச் சேர்கிறது. 1885-இல் லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி செலுத்திய ஜூலை 6-ஐ ஒட்டி, தமிழகக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடக்கின்றன. முகாம் எட்டும் தூரத்தில் இருக்கையில் பூனையைக் கொண்டுசெல்லாதவருக்கு வறுமை சாக்காகாது.