ஐந்தாம் மாதமும் அரைப்பேரும்

மகப்பேறு தனிமனிதரின் இன்பமா, சமுதாயத்துக்காகச் செய்யப்படும் உழைப்பா? முதற் குழந்தையின்போது நாம் இவ்வினாவைக் கேட்பதில்லை. புதுமையும் உறவினரின் சீராட்டும் அதனை மறைத்துவிடுகின்றன. இரண்டாவது கருவின் நடுக்காலத்திலேதான் அது தெளிவாக எழுகின்றது. வயிற்றில் ஒன்று, இடுப்பில் இரண்டு வயது நிரம்பாத இன்னொன்று. மசக்கை தீர்ந்தது, இனிக் கவலையில்லை என்று ஊரார் சொல்லும் ஐந்தாம் மாதம் அது. பாரம் ஏறத் தொடங்குவதும் அப்போதுதான். தூக்கென்று கைநீட்டும் மூத்த பிள்ளைக்கு அது விளங்குவதில்லை. இதனை எழுதும் நாமும் அம்மாதத்திலேயே இருக்கின்றோம்.

தமிழ் மரபு இவ்விடயத்தில் மௌனமாயிருக்கவில்லை. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் ஒவ்வொரு கடனை வகுத்தார். அது போருக்கு ஆள் வளர்த்த சமுதாயத்தின் பாடல். அந்நோக்கை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் பிள்ளை பெறுதலை உலைக்களத்து வேலையோடு ஒரே வரிசையில் வைத்த பார்வை கூர்மையானது. பின்வந்தோரோ தாயைத் தெய்வமாக்கினர். தெய்வத்துக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை அல்லவா?

கண்டி நகரிலிருந்து ஹந்தானைக்கு ஏறிப் பாருங்கள். அல்லது கலஹா, தெல்தோட்டைப் பக்கம் செல்லுங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிட்டது இப்பகுதியிலேதான். இம்மலைகளிற் கொழுந்து கிள்ளுவோர் பெரும்பாலும் பெண்கள். ஐந்து மாதக் கர்ப்பிணி விடியலில் மூத்ததைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்கு ஏறுகின்றாள். கொழுந்துப் பாரம் தலையிலிருந்து முதுகிலே தொங்கும்; முன்னே மற்றப் பாரம். குறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கம் தோட்டங்களுக்குரியது. வயிற்றிலுள்ளதைத் தராசு நிறுப்பதில்லை.

சட்டம் என்ன செய்தது? 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பெரிய வெற்றியே. ஆனால் இரண்டு பிள்ளைகள் உள்ளவள் மூன்றாவதைப் பெற்றால் 84 நாட்களுக்குப் பதிலாக 42 நாட்களே என்ற விதி 2018 வரை இருந்தது. வரிசை எண் கூடக் கூடத் தாயின் உடம்பு விரைவாக ஆறிவிடும் போலும்! 84 நாட்கள் என்பது 12 கிழமை. 1919இல் வாஷிங்டனிற் கூடிய முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வகுத்த அளவும் அதுவே. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதனைச் சமமாக்க 99 ஆண்டுகள் சென்றன.

இந்நாட்களும் பிரசவத்தைச் சுற்றியவை. நடுமாதம் அவற்றுள் வராது. அரசாங்க உத்தியோகத்தருக்கோ ஐந்து மாதம் நிறைந்ததும் அரைமணி பிந்தி வரவும் அரைமணி முந்திப் போகவும் அனுமதி உண்டு. பிள்ளை பிறந்தபின் முழுச்சம்பளத்துடன் 84 வேலைநாட்கள். வேண்டின் அரைச்சம்பளத்துடன் இன்னும் 84, சம்பளமின்றி 84. ஆகவே ஐந்தாம் மாதத்தின் பாரத்தை அரசு அறியாததன்று. கரும்பலகைக்கு முன் நிற்பவளிடம் அறிந்ததை, சரிவிலே நிற்பவளிடம் மறந்துவிடுகின்றது.

“விரும்பித்தானே பெற்றாள்?” என்பர் சிலர். விருப்பம் அவளுடையதாகட்டும், பயன் யாருடையது? குடும்பம் குடும்பமாகத் தொழிலாளரைக் கொண்டுவந்த துரைமார் லயத்துப் பிள்ளையில் நாளைய கூலியைக் கண்டார்கள். விளைவைத் தோட்டத்தின் கணக்கிலும் வேதனையைத் தாயின் கணக்கிலும் எழுதிய கணக்கு அது. வீட்டிலே மூத்த பிள்ளையைத் தூக்க மறுக்கும் கணவனும் அதே பேரேட்டையே புரட்டுகின்றான். அவன் முற்போக்குக் கூட்டங்களுக்கு வருபவனாயினும் சரியே.

அலுவலகத்தில் நாளொன்றுக்கு ஒருமணி நேரம் என்றால் மலையில் அது எத்தனை கிலோ? ஐந்தாம் மாதம் முதல் அத்தனை கிலோவைக் குறைத்து முழுப்பேர் போடவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சிலேயே கேட்கலாம். கணக்கைப் போட்டுக் கொடுக்க எங்கள் பாடசாலைகளில் ஆசிரியர்கள் இருக்கின்றார்கள்.