காட்டலும் கேட்டலும்

இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் காணொளியை வகுப்பறையில் காட்டுவது, ஆசிரியர் தம் கடமையைத் துறப்பதாகுமா? சிங்கப்பூருக்கு இவ்வினா புதிதன்று. 1967இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2018இல் மாணவர் கற்றல் தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. 2020 ஏப்ரலில் நோய்ப் பரவலால் பாடங்கள் முழுமையும் வீட்டிற்கு மாறியபோது, கல்வி அறுபடாமல் காத்தவை இத்தகைய கருவிகளே. அந்நன்றியை மறத்தல் தகாது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேக்காச் சந்தையில் ஒரு சிறுமி 'வாலப்பலம்' கேட்டால், கடைக்காரர் புன்னகையுடன் திருத்திச் சொல்வார். காணொளியோ ழகரத்தைப் பிழையற ஒலிக்கும். அவள் ஒலிப்பதைக் கேளாது. ஊடாடும் பயிற்சி பிழையைச் சுட்டலாம். அவள் ஏன் தயங்கினாள் என்று வினவாது.

வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குத் தன் தமிழைச் செவிமடுக்க ஓர் ஆள் கிடைக்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறையே. ஆகவே, ஐந்து நிமிடம் காட்டிய ஆசிரியர் பத்து நிமிடமேனும் கேட்கக் கடவர். அவ்வாறு கேட்பாராயின் காணொளி அவருக்குத் துணையாகும், கேளாராயின், கடமையைத் துறந்தவர் அவரே, காணொளியின்மேல் பழியில்லை.