காஸ் முடிந்தது என்று சொல்லும் முன்

ஆயுத பூஜையன்று மலேசியாவின் கெடாத் தோட்டங்களில் பால் வெட்டும் கத்தியும் மண்வெட்டியும் லோரியும் மோட்டார் சைக்கிளும் சந்தனம் குங்குமம் பூசிக்கொள்கின்றன. பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; லயத்துக் குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன; வழக்கம் மட்டும் போகவில்லை. இன்று ஐஸ் பெட்டியின் கதவிலும் பொட்டு இருக்கிறது. அதே பெட்டி ஒரு நாள் குளிராமல் போனால், பொட்டு வைத்த கையே அதைத் தூக்கிப்போடத் தயாராகிவிடுகிறது: "காஸ் முடிஞ்சிருச்சு, வேற வாங்கிடுவோம்." இதில் ஒரு சமயக் கேள்வி இருப்பதாகவே கருதுகிறேன். வணங்கிய கருவிக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன? அதன் குறை எது என்று அறிய முயல்வதுதான் அந்தக் கடன் என்பேன். பணம் மிச்சமாவதெல்லாம் பிறகு.

சைவ சித்தாந்தம் கடவுளைப் பேசும் முன் அறிவைப் பேசுகிறது. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் தொடக்கத்திலேயே அறியும் வழியாகிய அளவையை வைத்து, காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உரை (தக்கோர் சொல்) என்ற மூன்றுக்குள் மற்றவற்றை அடக்குகிறது. ஐயமும் திரிபும் கலந்த காட்சியை அது காட்சியாக ஏற்பதில்லை. 'காஸ் முடிந்தது' என்பது திரிபு. அந்த வாயு பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அழுத்தப்பட்டுத் திரவமாகிறது, ஆவியாகிறது, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே சுமந்து விட்டுவிட்டு மறுபடி சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. உள்ளது இல்லாமற்போகாது என்னும் சற்காரியவாதம் சமையலறையில் இவ்வளவு தெளிவாகக் கண்முன் நிற்பது அரிது. கசிவைத் தேடாமல் வாயுவை மட்டும் ஏற்றினால் அதே குறை திரும்பி வரும்.

குறையைத் தேடுவது காண்டலில் தொடங்குகிறது. கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் சுவிட்சையும், நம் நாட்டு மூன்று முள் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். எரிந்தால் கரண்டு பெட்டிவரை வருகிறது. மேலே நன்றாக உறைந்து கீழே மட்டும் குளிரவில்லையா? பெரும்பாலும் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர் மேல் பழியில்லை. குளிர்காற்று இறங்கும் வழியைப் பனி அடைத்திருக்கும், அல்லது உள்விசிறி நின்றிருக்கும். பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து ஒரு நாள் விட்டால் பனி கரையும். சில நாளில் மறுபடி கட்டினால் பனியை உருக்கும் ஹீட்டரையோ சென்சரையோ சந்தேகிக்கலாம். புகை கண்டு நெருப்பை அறியும் கருதல்தான் இது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால், தடையின்றி வரும் இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. கெடாவின் ஈரக்காற்று அந்த வழியே நுழைந்துதான் பனியாகிறது.

பழைய பொருள், அதன் விதி முடிந்தது என்று சிலர் மறுப்பார்கள். விதி என்பது வினையும் பயனும் தொடரும் ஒழுங்கு. காரணம் தேடாத சோம்பலுக்கு அந்தப் பெயரை வைக்கலாகாது. நம் கோயில்களைப் பாருங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை தெய்வ சக்தியைக் கும்பத்தில் இறக்கித் தற்காலிகமான பாலாலயத்தில் வைத்துவிட்டு, விரிசலையும் ஒழுகலையும் சரிசெய்து குடமுழுக்குச் செய்கிறோம். இறைவன் இருக்கும் இடமே பழுதுபடும், அதற்குத் திருப்பணி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட மரபு நம்முடையது.

இன்னொரு மறுப்பு கனமானது: தெரியாதவன் கை வைத்தால் உயிர் போகும். உண்மைதான். 230 வோல்ட் ஆள் பார்த்துத் தாக்குவதில்லை. புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது. பனியைக் கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகும். ஆனால் இந்த மறுப்பு அறியாமைக்கு அரணாகாது. காண்டலும் கருதலும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்கு அப்பால் தக்கோர் சொல்லே அளவை. குழாயை வெட்டி ஒட்டுவதும் வாயு ஏற்றுவதும் பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் அவரிடம் "குளிரலை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், விளக்கு எரிகிறது, கம்ப்ரஸர் ஓட முயன்று சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்'கென்று நின்றுவிடுகிறது என்று சொல்லிப் பாருங்கள். அவர் வாயுக் குடுவையை வண்டியிலேயே விட்டுவிட்டு, பெட்டியின் பின்னால் குனிந்து முதலில் கம்ப்ரஸரைக் கிளப்பும் ரிலேயைக் கழற்றிப் பார்ப்பார்.