சத்தம் செய்த வேலை

கடைக்காரர் மேசையின் மேல் மூன்று குழாய்களை வரிசையாக வைத்தார். மூன்றும் கறுப்பு. ஒன்று அலுமினியம், ஒன்று உருக்கு, மற்றது டைட்டானியம்.

"முதல் தடவையா?" என்று கேட்டார்.

ஆம் என்றேன்.

"எதற்காக வேண்டும்?"

எந்த மிருகத்துக்கு, எந்தத் துவக்குக்கு என்பதைத்தான் அவர் கேட்டார். எனக்குள் அந்தக் கேள்வி வேறு இடத்தில் போய் விழுந்தது. அன்று எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் யூட்லாந்தில், ஒரு சிறிய ஊரின் கடைசி வீதியில் இருக்கிறேன். கணினித்துறை ஆலோசகன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அம்மாவுடன் இங்கு வந்து, இங்கிலாந்தில் முதுகலை படித்துவிட்டு மறுபடியும் இங்கேயே திரும்பியவன். எங்களில் ஒருவனுக்கு வேட்டை எதற்கு, அதிலும் துவக்கு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

அப்பா இங்கு ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் இருபது வருடம் கத்தி பிடித்தவர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறி. மற்ற நாட்களில் இறைச்சி. மனிதரைவிடப் பன்றிகள் கூடுதலாக உள்ள நாடு இது. ஆனாலும் வீதியால் போகும்போது ஒரு பன்றியைக் காண்பது அரிது. அப்பா இறந்த பிறகு எனக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது. நான் சாப்பிடும் இறைச்சிக்கான கொலையை இத்தனை வருடமும் எனக்காக வேறொருவர் செய்திருக்கிறார். அதில் என் அப்பாவும் ஒருவர். இறைச்சியை விட வேண்டும், அல்லது ஒரு தடவையாவது என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். விட முடியவில்லை. வேட்டைப் பரீட்சை எழுதினேன். ரைபிளுக்குத் தனியாக இன்னொரு சோதனை, அதிலும் தேறினேன். மே 16 ஆம் திகதி ரோ எனும் சிறு மானின் கடாக்களுக்கான பருவம் தொடங்கும். யூலை 15 வரை இருக்கும். சூரியன் எழும் நேரம் வயல் ஓரத்தில் காத்திருக்க வேண்டும். இரண்டு பருவம் போனேன். இரண்டு கடா சுட்டேன்.

இதில் ஒன்றும் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எங்களோடுதான் இருக்கிறார். விடியப் புறத்தில் நடக்கப் போகிறேன் என்பேன். நிலவறையில் இருக்கும் இரும்பு அலுமாரிக்குள் வேலைக் கடதாசிகள் என்று சொல்லியிருந்தேன். மான் இறைச்சி, நண்பர் தந்தது. ஆனால் நான் வேட்டையாடும் வயல் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான். காற்றில்லாத காலையில் ஒரு வெடி அவ்வளவு தூரமும் வரும். ஆகவே எனக்கு ஒரு சைலன்சர் தேவைப்பட்டது.

கடைக்காரரிடம் நான் இதைச் சொல்லவில்லை. காது என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

ரைபிள் ஒன்றின் வெடி, சுடுபவரின் காதருகே 160 டெசிபலைத் தாண்டும். திடீர் ஒலிக்கு 140 என்பதே காதின் ஆபத்து எல்லை என்று சொல்வார்கள். என்னை வேட்டைக்குக் கூட்டிப்போன முதிய டேனிஷ் நண்பருக்கு இரவும் பகலும் காதுக்குள் ஒரு சில்வண்டு கத்திக்கொண்டே இருக்கிறது. நாற்பது வருட வெடிகளின் மிச்சம் அது. இந்தக் குழாய்க்குள் அடுக்கடுக்காக அறைகள் உண்டு. குண்டுக்குப் பின்னால் சீறி வரும் சூடான வாயு அந்த அறைகளில் சுழன்று, வேகமும் வெப்பமும் இழந்து, மெல்ல வெளியேறும். 25 டெசிபல் குறைந்தால் ஒலியின் வலிமை முந்நூறில் ஒரு பங்காகிறது. ஆனாலும் சினிமாவில் வரும் இருமல் சத்தம் அல்ல அது. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு வானத்தைக் கிழிக்கும் சத்தத்தை எந்தக் குழாயும் தடுக்காது. டேனிஷ் மொழியில் இதன் பெயர் ஒலியைத் தணிப்பது என்றுதான் பொருள்படும். ஆங்கிலத்து ‘சைலன்சர்’ என்ற பெயர்தான் கொஞ்சம் பெரிய வாய்.

அந்தப் பெயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஹிராம் பேர்சி மாக்சிம். 1909 இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தகப்பன் ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம்தான் 1884 இல் தானியங்கி இயந்திரத் துவக்கைச் செய்தவர். ஆபிரிக்காவில் பிரித்தானியப் படைகள் மக்களைக் கூட்டம் கூட்டமாக வீழ்த்தியது அந்தத் துவக்கால். தன் ஆயுதத்தின் சத்தத்திலேயே தகப்பனின் காதும் செவிடானது. மகன் சத்தம் தணிக்கும் குழாய் விற்றார். தகப்பனின் பாவத்துக்கு மகன் செய்த பரிகாரம் என்று இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். ஆனால் மகன் தணித்தது சத்தத்தை மட்டும்தான்.

நான் வளர்ந்த இடத்தில் சத்தம் எங்களைக் காப்பாற்றியது. பலாலி முகாமிலிருந்து ஷெல் அடித்தால் முதலில் ‘குத்துற’ சத்தம் கேட்கும். அது கேட்டதும் பங்கருக்குள் ஓட வேண்டும். எத்தனை எண்ணுவதற்குள் விழும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஹெலியின் சத்தம் வேறு, பொம்மரின் சத்தம் வேறு, 1990 இல் வந்த ‘சகடை’யின் சத்தம் வேறு. அம்மா சமைத்தபடியே, தலையைத் தூக்காமலே, எது வருகிறது என்று சொல்வார். சத்தம் என்பது சுடுபவன் தன்னையறியாமல் சுடப்படுபவனுக்கு அனுப்பும் தகவல். அந்தத் தகவலால் உயிர் தப்பிய ஒருவன், காசு கொடுத்து அதை நிறுத்துவது சரியா?

கடையிலிருந்து வந்த இரவு, வேலைப் பழக்கத்தில் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். எண்பது மீட்டர் தூரத்தில் மான் நிற்கிறது. குண்டு அங்கு போகப் பத்தில் ஒரு செக்கன். வெடிச்சத்தம் போகக் கிட்டத்தட்டக் கால் செக்கன். சைலன்சர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சரியாகச் சுடப்பட்ட மான் தன் வெடியைக் கேட்பதில்லை. அதனிடமிருந்து நான் எதையும் பறிக்கவில்லை. உதைப்பும் சத்தமும் குறைந்தால் கை பதறாது, குறி தவறாது, காயத்தோடு ஓடும் மான்கள் குறையும். மானுக்கு இதில் நன்மைதான்.

அப்படியானால் சத்தம் யாருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது? மிஞ்சியிருப்பவர்களுக்கு. பண்ணைக்காரருக்கு, நாயோடு நடப்பவருக்கு, அம்மாவுக்கு. இங்கே ஓர் உயிர் போனது, போக்கியவன் அருகில்தான் இருக்கிறான் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கொலை தன்னைத்தானே அறிவித்துக்கொண்டிருந்தது.

அறிவிக்கக் கூடாத கொலைகளுக்கும் இந்தக் குழாய் உதவியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் ‘வெல்ராட்’ என்றொரு சத்தம் குறைந்த கைத்துப்பாக்கி செய்தார்கள். ஜேர்மனியர் பிடியிலிருந்த டென்மார்க்கின் எதிர்ப்பு இயக்கத்தினரிடமும் அது வந்து சேர்ந்தது. காட்டிக்கொடுத்தவர்கள் என்று சுமார் 400 பேரை அந்த இயக்கத்தினர் கொன்றார்கள். எல்லோரும் குற்றவாளிகள்தானா என்ற கேள்வி போருக்குப் பிறகும் நெடுங்காலம் மெல்லிய குரலில்தான் கேட்கப்பட்டது. 2008 இல் வந்த ‘ஃபிளாமன் & சிட்ரோனன்’ என்ற படத்தை ஒரு தியேட்டரில் இந்த நாட்டுக்காரர்களோடு இருந்து பார்த்தேன். படம் முடிந்து வெளியே வந்தபோது எவரும் பேசவில்லை.

எனக்கு அந்த மௌனம் பழக்கமானது. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் சில காலைகளில் மின்கம்பத்தோடு கட்டிய உடல் இருக்கும். கழுத்தில் ஒரு மட்டை, அதில் குற்றம். சுட்டவர்களின் துவக்குக்கு எந்தக் குழாயும் பூட்டியிருக்கவில்லை. இரவில் வெடி எல்லோருக்கும் கேட்டது. காலையில் எவருக்கும் கேட்கவில்லை. துவக்குக்கு இல்லாத சைலன்சர் ஊருக்கு இருந்தது. எங்களுக்கும் இருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வேறு ஒழுங்கையால் கூட்டிப்போனார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே சத்தம் இருந்தால் உண்மை இருக்கும் என்று சொல்வதற்கில்லை. சத்தம் குறைந்தால் உண்மை மறையும் என்றும் சொல்வதற்கில்லை. குழாய் தணிக்கிறது. மறைப்பது மனிதர். இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

தசரதன் கதை நினைவுக்கு வந்தது. அவனும் வேட்டைக்காரன், சத்தத்தைக் குறிவைத்து எய்பவன். இருட்டில் குடத்தில் நீர் நிரம்பும் ஒலியை யானை என்று நினைத்து அம்பு விட்டான். விழுந்தது கண்ணில்லாத தாய் தகப்பனின் ஒரே பிள்ளை. கண்ணால் காணாததைச் சுடாதே என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. டேனிஷ் வேட்டைப் பயிற்சியிலும் அதுவே முதல் பாடம். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பின் நடந்தது. காட்டில் வேறு எவரும் பார்க்கவில்லை. அரசன் பேசாமல் அரண்மனைக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. தானே அந்தத் தாய் தகப்பனிடம் போய்த் தன் வாயால் சொன்னான். சாபத்தையும் வாங்கிக்கொண்டான்.

இங்கும் ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர்காலத்தில் கூட்டாக வேட்டையாடி முடிந்ததும், விழுந்த மிருகங்களை ஊசியிலை மரக் கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்துவார்கள். வேட்டைக்காரர் எதிரே நிற்க, ஒருவர் கொம்பு ஊதுவார். முதல் தடவை அதைக் கேட்டபோது எங்கள் ஊர்ச் செத்தவீட்டுப் பறை நினைவுக்கு வந்தது. ஒரு சாவு சத்தமில்லாமல் போகக் கூடாது என்று இரண்டு ஊராரும் நினைத்திருக்கிறார்கள். வெடி தற்செயலாகச் செய்த வேலையைக் கொம்பு வேண்டுமென்றே செய்கிறது.

வித்தியாசம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. சத்தம் யாருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்ததோ, அவருக்கு இனி நான் வாயால் சொல்வேனா? சொல்வேன் என்றால் அது தணித்தல். சொல்லாமல் இருக்கத்தான் வாங்குகிறேன் என்றால், காதைக் காட்டி நியாயம் பேசினாலும் அது மறைத்தல்.

மறுநாள் பின்னேரம் அம்மா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். துவக்கு, மான், இரும்பு அலுமாரி, எல்லாம். அவர் சீனிப் போத்தலை மூடினார்.

"கடதாசிக்கு ஆரடா இவ்வளவு பெரிய பூட்டுப் போடுறது?" என்றார்.

"எப்ப தெரியும், அம்மா?"

"போன வருசத்துக்கு முந்தின வருசம். நீ விடியப் போனாப் பிறகு நான் படுக்கிறேல்லை. ஒரு வெடி கேட்கும். ஒண்டெண்டால் வேட்டை. கனக்கக் கேட்டால்தான் சண்டை. ஒண்டோட நிண்டிட்டுதெண்டால், சரி, பிள்ளை வந்திடுவான் எண்டு எழும்பித் தண்ணி கொதிக்க வைப்பன்."

நான் மறைக்க நினைத்த சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் நிம்மதியாகியிருக்கிறார்.

"இப்ப ஒரு குழாய் வாங்கப் போறன். பூட்டினால் உங்களுக்குக் கேட்காது. எனக்குக் காதுக்கு நல்லது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப முடிஞ்ச உடன எனக்கு ஒரு கோல் எடு" என்றார். கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, "மானைச் சுடுறது எனக்குப் பிடிக்கேல்லை. அது வேற கதை. அதையும் நான் சொல்லத்தான் வேணும்" என்றார்.

அந்த வேறு கதை இன்னும் முடியவில்லை. மானைக் கொல்வது சரியா என்பதற்கு இந்தக் குழாயிடம் பதில் இல்லை. என்னிடமும் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை இப்போது அம்மா என் முகத்துக்கு நேரே கேட்கிறார். வாரத்தில் ஒரு நாளாவது கேட்கிறார்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். டைட்டானியம் பாரம் குறைவு, விலை அதிகம். அலுமினியமும் பாரம் குறைவு, ஆனால் தேய்மானம் கூட. உருக்கையே எடுத்தேன். குழலின் புரி பொருந்துகிறதா, என் குண்டின் விட்டத்துக்குத் துளை போதுமா என்று கடைக்காரர் இரண்டு தடவை அளந்தார். பூட்டினால் குண்டு விழும் இடம் சற்று மாறும், அதனால் முதலில் திடலில் சுட்டுக் குறியைச் சரிபார்க்க வேண்டும் என்றார். முடிந்ததும் கழற்றி உலர்த்தவும் வேண்டும், ஈரம் உள்ளே நின்றால் துருப்பிடிக்கும்.

இந்த மே மாதம் ஒரு கடா விழுந்தது. நண்பர் சொல்லித்தந்தபடி அதன் வாயில் ஒரு சிறு கிளையை வைத்தேன். பண்ணைக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ஒண்டுதானே?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன்.

வீட்டுக்கு வந்து குழாயைக் கழற்றி, குசினி மேசையில் பழைய பேப்பர் விரித்து அதன்மேல் உலர வைத்தேன். அம்மா அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருந்து கத்தரிக்காய் வெட்டினார்.