மறைத்தலும் அழித்தலும்: புகைப்படத் திருத்தம் எழுப்பும் ஓர் அறவியல் வினா

சைவசித்தாந்தம் இறைவனது தொழில்களை ஐந்தாக வகுத்தபோது, அழித்தலையும் மறைத்தலையும் வெவ்வேறாகவே கொண்டது. அழித்தலாவது தோன்றிய உலகை அதன் காரணத்தில் ஒடுக்குதல். மறைத்தலாவது உயிரின் அறிவுக்கு உண்மை புலப்படாதவாறு செய்தல். முன்னையது காணப்படும் பொருளைப் பற்றியது. பின்னையது காண்பவனைப் பற்றியது. பொருள் இருந்தபடியே இருக்க, காண்பவனுக்கு மட்டும் அது இல்லாதது போலாகின்றது. சமயத் தத்துவத்துடன் தொடர்பற்ற ஒரு துறையில், புகைப்படங்களைக் கணினியில் திருத்தும் தொழிலில், இவ்வேறுபாடு இன்று அன்றாட நடைமுறையாகிவிட்டது. அங்கு எழும் வினா இது: மூலத்தை அழிக்காது மறைப்பவன் அம்மறைப்புக்குப் பொறுப்பாளி ஆவானா? ஆவானெனின், யாருக்குப் பொறுப்பாளி?

இவ்வினாவை ஆராய்வதற்கு முன்னர் அத்தொழில்நுட்பத்தின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ளல் வேண்டும். தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷொப் என்னும் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990 இல் வெளியிட்டது. அதன் தொடக்ககாலப் பதிப்புகளில், ஒரு படத்தின்மீது வேறொரு படத்தின் துண்டை ஒட்டி நிலைப்படுத்தியதும் அடியிலிருந்த பகுதி இல்லாதொழிந்தது. 1994 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இந்நிலையை மாற்றியது. லேயர் எனப்படும் அடுக்குகள் அப்பதிப்பிலேயே புகுத்தப்பட்டன. கண்ணாடித் தாள்கள் பலவற்றில் ஒவ்வோர் உருவைத் தீட்டி, அவற்றை ஒன்றன்மேலொன்றாக வைத்து மேலிருந்து நோக்குவது போன்றது இம்முறை. பார்ப்பவனுக்குத் தெரிவது ஒரு படம். உள்ளே இருப்பவை பல.

ஒவ்வோர் அடுக்குடனும் மாஸ்க் எனப்படும் மறைப்பொன்றை இணைக்கலாம். மறைப்பு என்பது கறுப்பு, வெள்ளை, இவற்றுக்கு இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் ஆகியவற்றால் ஆன ஒரு படமே. அதில் வெள்ளையான இடத்தில் அடுக்கு முழுமையாகத் தெரியும். கறுப்பான இடத்தில் முற்றாக மறையும். சாம்பலான இடத்தில் அந்நிறத்தின் செறிவுக்கேற்ப அரைகுறையாகத் தெரியும். வழக்கமான மறைப்பொன்றில் கறுப்பு முதல் வெள்ளை வரை 256 படிகள் உள்ளன. ஓர் உருவை அழிப்பான் கொண்டு நீக்கினால் அது போய்விடும். மறைப்பிற் கறுப்பைத் தீட்டி நீக்கினாலோ, அவ்விடத்தில் மீண்டும் வெள்ளையைத் தீட்டியதும் அது பழுதின்றித் திரும்பி வரும்.

இதனாலேயே இக்கலையைக் கற்பிப்போர் இதனைச் சேதம் விளைவிக்காத திருத்தமுறை எனப் போற்றுவர். தொழில்நோக்கில் இக்கூற்றுச் சரியானதே. தவறு செய்தவன் திரும்பிச் சென்று திருத்திக்கொள்ள வழியுண்டு. செய்த தீர்மானத்தை மறுநாள் மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. ஆயின் சேதமின்மை என்னும் தொழிற்சொல் அறச்சொல்லாக உருமாறும்போது சிக்கல் தோன்றுகின்றது. மூலம் அப்படியே இருக்கிறது, எதுவும் அழிக்கப்படவில்லை, ஆதலின் தீங்கொன்றும் நிகழவில்லை என்று வாதிப்போர் உளர்.

இவ்வாதம் ஒரு வினாவைக் கேட்க மறந்துவிடுகின்றது. மூலம் எங்கே இருக்கின்றது? திருத்தியவனின் கணினியில் இருக்கின்றது. அச்சுக்கும் பிறர் பார்வைக்கும் செல்வது அடுக்குகள் யாவும் ஒரே தளமாக இணைக்கப்பட்ட படம். பரவலாக வழங்கும் ஜேபெக் வகைக் கோப்பு அடுக்குகளைத் தாங்குவதேயில்லை. ஆகவே மீளும் வழி திருத்தியவன் ஒருவனுக்கு மட்டுமே திறந்திருக்கின்றது. அவன் எதனை மறைத்தான் என்பதோ, எதனையாவது மறைத்தான் என்பதுதானோ, பார்ப்பவனுக்குத் தெரியாது. ஒரே செயல், செய்தவனுக்கு மறைத்தலாகவும் பார்ப்பவனுக்கு அழித்தலாகவும் அமைகின்றது. இம்முறையின் அறவியற் சிக்கல் முழுவதும் இந்த இருமையிலே அடங்கியுள்ளது எனலாம்.

படங்களை இணைப்பதும் மறைப்பதும் கணினியுடன் தோன்றியவையல்ல. ஒஸ்கார் ரெயிலாந்தர் என்பவர் 1857 இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகற்றிவ்களை இணைத்து ஒரே படத்தை உருவாக்கினார். நல்வழியும் தீவழியும் இரு இளைஞர்முன் விரிவதைக் காட்டும் உருவகப் படம் அது. அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து நெகற்றிவ்களை இணைத்து, சாகுந்தறுவாயிலுள்ள இளம்பெண்ணொருத்தியின் படத்தை ஆக்கினார். இவை ஓவியம்போல் ஆக்கப்பட்ட கலைப்படைப்புகள். இவற்றுக்கு நேர்மாறானது சோவியத் நாட்டில் நிகழ்ந்தது. மொஸ்கோ - வொல்கா கால்வாயருகே ஸ்ராலினுடன் 1937 இல் படமெடுக்கப்பட்ட இரகசியப் பொலிஸ் தலைவர் யெஷோவ், 1940 இல் மரணதண்டனைக்கு உள்ளானார். பின்னர் வெளியிடப்பட்ட அதே படத்தில் அவர் நின்ற இடத்திலே கால்வாய் நீர் மட்டுமே காணப்பட்டது. ரெயிலாந்தரின் செயலும் சோவியத் திருத்துநரின் செயலும் தொழில்முறையில் நெருங்கிய உறவுடையவை. அறநோக்கில் அவற்றுக்கிடையே பெரும் இடைவெளி உண்டு. எனவே நன்மை தீமைகளின் பிரிகோடு தொழில்முறையில் இல்லை என்பது தெளிவு. அது வேறெங்கோ தேடப்படல் வேண்டும்.

இவ்விடத்தில் வலுவான மறுப்பொன்று எழக்கூடும். எப்புகைப்படமும் ஒரு தெரிவே என்பது அம்மறுப்பு. படம்பிடிப்பவன் ஒரு பக்கத்தை நோக்கும்போது மறுபக்கத்தை விட்டுவிடுகின்றான். வில்லையும் ஒளியும் நேரமும் அவனது தெரிவுகளே. சட்டகத்தின் விளிம்பும் ஒருவகை மறைப்பே. அவ்வாறாயின், பின்னர் கணினியிற் செய்யப்படும் மறைப்பை மட்டும் குற்றமென்பது யாங்ஙனம் பொருந்தும்? இம்மறுப்பிற் பாதி உண்மை உண்டு. ஆயின் சட்டகத்துக்கு வெளியே உலகம் தொடர்கின்றது என்பதைப் படத்தைப் பார்க்கும் எவரும் அறிவர். விளிம்பு தன்னை விளிம்பென்று அறிவித்துக்கொண்டே நிற்கின்றது. படத்தின் நடுவே இடப்பட்ட மறைப்புக்கோ விளிம்பில்லை. தான் இருப்பதை உணர்த்தாதிருப்பதே அதன் திறமை. அறியப்பட்ட குறைபாடு பார்ப்பவனின் தீர்ப்புக்கு இடம் வைக்கின்றது; அறியப்படாத குறைபாடு அத்தீர்ப்பையே அவனிடமிருந்து பறிக்கின்றது.

இதனை விளக்க மூன்று நிகழ்ச்சிகள் போதும். நாஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை 1982 பெப்ரவரி இதழின் அட்டையில், எகிப்தின் கீசாப் பிரமிட்டுக்களைக் கணினியின் துணையால் ஒன்றுடனொன்று நெருக்கி வைத்தது. அகலமான படம் நெடிய அட்டைக்கு அடங்கவேண்டியிருந்ததே காரணம். புகைப்படப்பிடிப்பாளர் சில அடிகள் தள்ளி நின்றிருந்தால் கிடைத்திருக்கும் காட்சியே அது என்றவாறு அதற்குச் சமாதானம் கூறப்பட்டது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. தான் நில்லாத இடத்திலிருந்து கண்டதாகக் கூறும் சாட்சியை எந்நீதிமன்றமும் ஏற்பதில்லை.

1994 ஜூனில் அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் கொலைக்குற்றச்சாட்டின்பேரிற் கைதானபோது, டைம், நியூஸ்வீக் ஆகிய இரு சஞ்சிகைகளும் ஒரே பொலிஸ் படத்தை அட்டையில் இட்டன. டைம் இட்ட படத்தில் அவரது முகம் கருமையாக்கப்பட்டிருந்தது. அப்படத்தில் எவ்வுருவும் சேர்க்கப்படவில்லை, எவ்வுருவும் நீக்கப்படவில்லை. முதன்மையாக மாறியது ஒளியின் அளவே. ஆயினும் கறுப்பினத்தவர் ஒருவரின் முகத்தை மேலும் கருமையாக்கி அச்சந்தருவதாகக் காட்டியமை இனவெறுப்புக்குத் துணைபோவதெனக் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மற்றைய சஞ்சிகையில் மாறாத படம் அருகே கிடந்தமையாலேயே வேறுபாடு எவர்க்கும் வெளிப்படையாயிற்று. மூலம் பார்ப்பவனின் கைக்கு எட்டிய அக்கணத்தில் மறைப்பு தன் ஆற்றலை இழந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி ஈராக் யுத்தத்தின்போது 2003 இல் நடந்தது. பஸ்ராவுக்கு அண்மையில் பிரித்தானியப் படைவீரரொருவர் பொதுமக்களுக்குச் சைகை காட்டும் படமொன்றை லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் முதற்பக்கத்தில் வெளியிட்டது. சில கணங்கள் இடைவிட்டு எடுக்கப்பட்ட இரு படங்களின் சிறந்த பகுதிகளை இணைத்து, அதனைப் புகைப்படப்பிடிப்பாளரே ஆக்கியிருந்தார். பின்னணியிலிருந்த சிலர் அப்படத்தில் இருமுறை தோன்றியமை அதனைக் காட்டிக்கொடுத்தது. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். இரு படங்களும் உண்மையானவை. அந்த வீரரும் அம்மக்களும் அங்கே இருந்தவர்களே. எனினும் படம் காட்டிய அந்தக் கணம் உலகில் ஒருபோதும் நிகழவில்லை. பகுதிகள் மெய்யாக இருக்க முழுமை பொய்யாதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இம்மூன்றிலும் மீறப்பட்டது படத்தின் தூய்மையன்று. படம் சாட்சியாக முன்வைக்கப்பட்டபோது பார்ப்பவனுக்கு வழங்கப்பட்ட உறுதிமொழியே மீறப்பட்டது. ரெயிலாந்தரின் படம் அத்தகைய உறுதிமொழி எதனையும் வழங்கவில்லை. விளம்பர ஓவியமும் நூலட்டையும் அவ்வாறே. தேடிய பிரிகோடு ஈண்டுத் தென்படுகின்றது: படம் எதுவாகத் தன்னை அறிமுகஞ்செய்கின்றது என்பதே அதனை அளக்கும் கோல்.

இனி, மறைத்தல் எப்போதும் தீதன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வள்ளுவர் வாய்மையை வரையறுக்கும்போது உள்ளது உரைத்தலை முதன்மைப்படுத்தவில்லை. பிறர்க்குச் சிறிதும் தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என்றார். துன்புறுத்தப்பட்ட சிறுமி ஒருத்தியின் முகத்தை, அன்றி உயிருக்கு அஞ்சும் சாட்சியொருவரின் முகத்தை மறைக்கும் திருத்துநர் அவ்வரையறையின்படி வாய்மையாளரே. அம்மறைப்பு ஒளிவுமறைவற்றது, முகம் மறைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பவர் அனைவரும் அறிவர். ஆயின் இங்கு அறம் எதிர்த்திசையில் திரும்புகின்றது. அடுக்குகளுடன் கூடிய கோப்பு தவறிப் பிறர் கைக்குச் சென்றால், மறைப்பை நீக்க ஒரு சொடுக்கே போதும். அமெரிக்க நீதிமன்றமொன்றில் 2019 ஜனவரியில் சட்டத்தரணிகள் தாக்கல்செய்த ஆவணமொன்றில், கறுப்புப் பட்டைகளால் மறைக்கப்பட்ட வரிகளை எவரும் பிரதிசெய்து வாசிக்கக்கூடியதாயிற்று. பட்டைகள் எழுத்தின்மேல் இருந்தன. எழுத்தோ அடியில் அப்படியே இருந்தது. சாட்சியம் கூறும் படத்தில் மூலத்தைப் பேணுவது கடமையெனின், காப்பாற்றும் படத்தில் வெளிச்செல்லும் பிரதியிலிருந்து மூலத்தை முற்றாக அகற்றுவது கடமையாகின்றது. அழியாமை என்பது தன்னளவில் நற்பண்புமன்று, தீப்பண்புமன்று என்பது இதனால் உறுதிப்படுகின்றது.

அரசியலும் செய்தியும் சாராத ஓர் எளிய நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். போரினாலும் புலப்பெயர்வினாலும் சிதறிய குடும்பமொன்றில் மகளுக்குத் திருமணம் நடைபெறுகின்றது. தந்தை சில ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார். அவரது பழைய படமொன்றிலிருந்து உருவைப் பிரித்தெடுத்து, ஓரங்களை மறைப்பினால் மென்மையாக்கி, மணமக்களின் அருகே நிற்பவராக ஸ்ரூடியோவினர் அமைத்துக் கொடுக்கின்றனர். தாய் அதனைக் கண்டு அழுகின்றாள், சுவரில் மாட்டுகின்றாள். இதிற் பொய் எங்கே உளது? அவ்வீட்டிலுள்ள அனைவரும் உண்மையை அறிவர். அவர்களுக்கு அப்படம் நிகழ்ந்ததைக் கூறவில்லை. நிகழ்ந்திருக்க வேண்டுமென ஏங்கியதைக் கூறுகின்றது. அதனைப் பொய்யென்று கூறும் அறிஞன் அறிவுடையவனாக இருக்கலாம். அன்புடையவனாக இருத்தல் அரிது.

ஆயின் நாற்பது ஆண்டுகள் செல்லட்டும். அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். கோப்பு இருந்த கணினியும் எப்பொழுதோ கழித்து எறியப்பட்டுவிடுகின்றது. பேரப்பிள்ளை அப்படத்தைக் கையிலெடுத்து, பாட்டனார் தன் மகளின் திருமணத்தைக் கண்டபின்னரே காலமானார் என்று நம்புகின்றது. எவரும் பொய் கூறவில்லை. ஆயினும் ஒரு பொய் பிறந்துவிட்டது. அப்படத்தை உண்மையாக வைத்திருந்த அடுக்கு கணினியில் இருக்கவில்லை; அறிந்தவர்களின் நினைவிலேயே இருந்தது. அந்த அடுக்கு நீங்கியதும் மறைத்தல் தானாகவே அழித்தலாயிற்று. படத்தின் பின்புறத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருப்பின், தாயின் ஆறுதலும் கெடாது, பேரப்பிள்ளையின் அறிவும் கெடாது. வேண்டியிருந்தது அவ்வளவே.

அந்த ஒரு வரியைத் தொழில்நுட்பத்தின் துணைகொண்டு எழுதும் முயற்சிகளும் இன்று நடைபெறுகின்றன. படமொன்று எப்போது எடுக்கப்பட்டது, பின்னர் அதில் யாது செய்யப்பட்டது என்னும் விபரங்களைப் படத்துடனேயே பிணைத்து அனுப்பும் பொதுநியமமொன்றை வகுப்பதற்கு அடோபி, மைக்ரோசொப்ற், பீ.பீ.சி. முதலிய நிறுவனங்கள் 2021 இல் கூட்டமைப்பொன்றை நிறுவின. எடுக்கப்படாத படங்களைச் சொற்களிலிருந்தே உண்டாக்கும் கணினிமுறைகள் பெருகியுள்ள இந்நாளில் இம்முயற்சி பயனுடையதே. எனினும், கருவி செய்ததைப் பதிவுசெய்யலாமேயன்றி, ஏன் செய்யப்பட்டது என்பதற்கு விடைகூற மாட்டாது. விடைகூற வேண்டியவன் மனிதனே.

சித்தாந்தம் கூறும் மறைத்தல் உயிரின் பக்குவத்தின் பொருட்டு நிகழ்வது. அருளலில் அது முடிவடைகின்றது. மறைப்பவன் அனைத்தும் அறிந்தவன் என்பதனால் அங்கு மறைத்தல் கருணையாகின்றது. கணினியின்முன் அமர்ந்திருக்கும் மனிதனுக்கு அத்தகைய பேரறிவு இல்லை. பிறர் எதனைக் காணலாம், எதனைக் காணலாகாது என்று தீர்மானிக்கும் தகுதியும் எவராலும் அவனுக்கு வழங்கப்படவில்லை. ஆயினும் அத்தீர்மானத்தை அவன் நாள்தோறும் எடுக்க வேண்டியுள்ளது. தகுதியின் இடத்தைப் பொறுப்பினாலன்றி வேறெதனாலும் நிரப்ப இயலாது. மறைத்தவன், கேட்கப்படும்போது மறைப்பை விலக்கிக் காட்ட இயன்றவனாகவும், காட்ட இயலாவிடத்து மறைத்தமைக்குக் காரணம் கூற வல்லவனாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து, மூலம் அழியாமல் இருக்கின்றது என்பது ஆறுதலாகாது. அது எங்கோ ஒரு பெட்டியிற் பூட்டப்பட்ட சாட்சியாகவே கிடக்கும்.