கம்பு கேட்கும் இடம்

‘ஆணவத்தை விடு’ என்ற அறிவுரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருளில் சொல்லப்படுவதில்லை. ஆணிடம் சொல்லும்போது அது ஞானம். பெண்ணிடம் வரும்போது குரலை உயர்த்தாதே, எதிர்த்துப் பேசாதே என்பதன் மரியாதையான வடிவமாகிவிடுகிறது. 1960இல் அமெரிக்க இறையியலாளர் வேலரி செய்விங் இதைக் கேள்வியாக்கினார். செருக்கையே தலையாய பாவமாக வைக்கும் இறையியல் ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுந்தது, பெண்கள் இடறுவது பெரும்பாலும் தன்னையே இல்லாமலாக்கிக்கொள்வதில் என்றார். வகுப்பில் பலமுறை இதைப் பேசியிருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் சிலம்பம் கற்கத் தொடங்கிய பிறகு, அவர் சொன்னதைத் தாண்டியும் ஒன்று இருப்பதாகப் படுகிறது.

சிலம்பக் கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பார்கள். அதைச் சுழற்ற அவ்வளவு பெரிய வட்டம் வேண்டும். பேருந்தில் முழங்கையை விலாவோடு ஒட்டி நின்றே பழகிய உடம்புக்கு அந்த இடத்தைக் கேட்கக் கூச்சம். ஆனால் கையைச் சுருக்கினால் கம்பு சொந்தக் கணுக்காலில்தான் விழுகிறது. ஆசான் திருத்துவதற்கு முன்பே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொல்லிவிடுகிறாள்: “கைய விடுங்க டீச்சர், கம்பு தானா போகும்.” முனைவர் பட்டம் வாங்கியவளுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் மேடையும் மைக்கும் வளர்த்த அந்தச் செருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. (அவளை நான் ‘ஆசான்’ என்றே கூப்பிடுகிறேன். அவளுக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை.)

அடங்காதது வேறொன்று. மைதானச் சுவருக்கு அப்பால் யாராவது நின்றால் என் வீச்சு தானாகச் சிறுத்துவிடும். இந்த வயதில் இவளுக்கு எதற்கு இது என்று நினைப்பார்களோ? இதை அடக்கம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். சைவ சித்தாந்தமோ ஆணவம் என்ற சொல்லை ‘அணு’விலிருந்து விளக்குகிறது. விரிந்து நிற்க வேண்டிய உயிரை அணுவளவாகச் சுருக்குவதால் அது ஆணவம். அப்படியானால், பிறர் கண்ணையே நினைத்துக் குறுகும் என் தோளும் ஆணவம்தான். ஓயாமல் தன்னையே எண்ணிக்கொண்டிருப்பதில் மேடைச் செருக்குக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை.

இப்படிச் சொல்வதில் ஆபத்தும் இருக்கிறது. சுருக்கியவர்களை விட்டுவிட்டுச் சுருங்கியவளையே குற்றவாளி ஆக்கிவிடலாம். இந்த இடத்தில் சித்தாந்தத்தோடு எனக்கு உடன்பாடில்லை. செம்பில் களிம்புபோல ஆணவம் அநாதியாகவே உயிரோடு ஒட்டியிருப்பது என்கிறது அது. பெண்ணின் இந்தக் குறுகல் அநாதி அல்ல, அதற்குத் தேதி உண்டு. பூப்பெய்தியதும் களத்துக்கு வராமல் நின்றுபோகும் சிறுமிகளின் வீட்டில் கேட்டால் தேதியைச் சரியாகவே சொல்வார்கள். ஆனாலும் காரணம் தெரிந்ததால் மட்டும் என் தோள் நிமிர்ந்துவிடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு அதை நான்தான் விரிக்க வேண்டியிருக்கிறது.

எனக்குச் சொல்லித்தரும் பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் அம்மா சில நாட்களாகக் களத்தின் ஓரத்தில் வந்து உட்கார்கிறார். “இன்னும் எத்தனை நாளைக்கு டீச்சர் இதெல்லாம்?” என்று கேட்டார். “எனக்கு நாற்பத்தாறுங்க, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கம்பு என்ன விலை என்று கேட்டார்.