நூற்றறுபது எழுத்துக்குள் ஒரு பிள்ளைப்பருவம்

1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை போஸ்னியாவின் சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்தது. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் மீதும் குண்டு விழுந்தது. சிறுவனாக அதற்குள் அகப்பட்டவர் யாஸ்மின்கோ ஹலிலோவிச். வளர்ந்தபின் தன் தலைமுறையிடம் ஒரே கேள்வி கேட்டார்: போருக்குள் கழிந்த பிள்ளைப்பருவம் உனக்கு எப்படி இருந்தது? 160 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். ஆயிரத்துக்கும் மேல் பதில்கள் குவிந்தன. 2013இல் நூலாயின, 2017இல் அதிலிருந்தே ஒரு அருங்காட்சியகம் பிறந்தது.

வீரம் பேசும் போர் அருங்காட்சியகங்கள் உலகில் ஏராளம். இங்கே இருப்பவை பாலே காலணி, பொம்மை, நாட்குறிப்பு, நிவாரண உணவு டப்பா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைக் கொடுத்தவரே எழுதிய சில வரிகள். படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு நடனப் பயிற்சி பாதியில் நின்றதும் பேரிழப்புதான். பக்கத்து பெஞ்சுத் தோழி சொல்லாமல் ஊரைவிட்டுப் போனதும் அப்படியே. இதை எந்தப் போர்க்கணக்கும் எழுதி வைப்பதில்லை.

பின்னாளில் சிரியா, உக்ரைன் பிள்ளைகளிடமும் இந்த அருங்காட்சியகத்தினர் நினைவுகளைக் கேட்டுச் சேகரித்தார்கள். நம் தமிழ்நாட்டு முகாம்களிலும் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். அவர்களிடமும் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும், அவசரப்படாமல்.